பத்தாவது முடித்த பையனை லீவில் கடை வேலைக்கு அனுப்பலாமா?

மதுரைக்காரி:
பையனுக்கு 15 வயது. பத்தாவது பரீட்சை முடிந்ததிலிருந்து, ரிசல்ட் வரும்வரை தெருமுனை செல்போன் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். கடைக்காரர் தெரிந்தவர்தான், ஆனால் காலை 10 மணியிலிருந்து இரவு 9 வரை இருக்கணுமாம், யாராவது கேட்டால் வயது 18 என்று சொல்லணுமாம். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

கணக்குப்பிள்ளை:
அக்கா, வேலைக்கு அனுப்பலாம், இந்த நேரத்துக்கு அனுப்பக் கூடாது. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 முடிந்து 18 ஆகாதவர்கள் அதில் 'வளரிளம் பருவத்தினர்'. சுரங்கம், வெடிபொருள் மாதிரி ஆபத்தான வேலைகளில் இவர்களைச் சேர்க்கவே கூடாது. மற்ற இடங்களிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தரணும், அந்த ஓய்வையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு முழு நாள் லீவு. அவன் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாம் கடைப் பதிவேட்டில் இருக்கணும். 18 என்று சொல்லச் சொல்கிறவர் அதை எங்கே எழுதப் போகிறார்? நாளைக்குப் பையனுக்கு அடிபட்டால், இவன் எங்கள் கடையில் வேலையே பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

மளிகைக்கடை வீடு:
என் மகளுக்கு 12. பள்ளி விட்டு வந்ததும் எங்கள் கடைக் கல்லாவில் உட்காருவாள். அதுவும் தப்பா?

கணக்குப்பிள்ளை:
தப்பில்லைங்க. 14க்குக் கீழே வெளியில் வேலைக்கு வைக்கக் கூடாது, ஆனால் ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம். சித்தப்பா, அத்தை, மாமா கடையும் குடும்பத்தில் சேரும். அதிலும் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 ஆனால் எழுப்பி அனுப்பிவிடுங்கள்.

திருப்பூர் தம்பி:
அக்கா, நானும் 'லீவுக்கு மட்டும்' என்றுதான் பனியன் கம்பெனிக்குப் போனேன், வாரச் சம்பளம் கையில் வர ஆரம்பித்ததும் பதினொன்றாவதில் போய்ச் சேரவே இல்லை. இப்போது எனக்கு 34. எங்கே அனுப்பினாலும் ஸ்கூல் திறக்கும் தேதியை முதலிலேயே பேசி வையுங்கள்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. 11 முதல் 5 வரை என்றால் அனுப்புகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், சாயங்காலம்தான் வியாபாரமே என்று சொல்லிவிட்டார். சரி, வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், திங்கள்கிழமை முதல் பையன் அங்கே போகிறான். அட்மிஷன் ஆரம்பித்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்று தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.