‘குளோரி’க்கு என் பரிந்துரை: நிழல்சூழி

வணக்கம் நண்பர்களே,

விமான ஜன்னலிலிருந்து எடுத்த மேகப் படங்களை வைத்து இங்கே மொரீசியஸில் தமிழ் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறோம், படக்குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. கீற்று மேகம், படை மேகம், திரள் மேகம் எல்லாம் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே இருப்பதால் பிரச்சினை இல்லை. ‘குளோரி’ என்கிறார்களே, மேகத்தின் மேல் விழும் விமான நிழலைச் சுற்றி வண்ண வளையம், அதற்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் கிரியோலில் ‘லார்கான்சியேல்’ என்று கத்திவிடுகிறார்கள், அதாவது வானவில். நிறங்கள் அப்படித்தான் இருக்கின்றன, வெளியே சிவப்பு, உள்ளே நீலம். ஆனால் வானவில் 42 பாகை ஆரமுள்ள பெரிய வளைவு, இது சில பாகைகளே உள்ள முழு வட்டம், உண்டாகும் விதமும் வேறு. மழைத்துளியைவிட மிகச் சிறிய மேகத்துளிகள் ஒளியைக் கிட்டத்தட்ட வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது இது. துளி சிறுக்கச் சிறுக்க வளையம் பெருக்கும். ஆகவே ‘வில்’ வேண்டாம்.

இதுவரை வந்த யோசனைகளில் ‘மகிமை வளையம்’ நேர் மொழிபெயர்ப்பு. மன்னிக்கவும், அதில் தேவாலய வாசனைதான் வருகிறது. அதற்குப் பதிலாகத் ‘திருவாசி’ என்றால் கோயிலுக்குள் போய்விடுகிறோம், கேட்க அழகாக இருந்தாலும். ‘ஒளிவட்டம்’, ‘பரிவேடம்’ இரண்டும் சூரியனையோ நிலாவையோ சுற்றி வருவதற்கு ஏற்கெனவே புழங்குகின்றன. நிலா கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வதும் அதைத்தான். அது பெரும்பாலும் உயரத்து மேகங்களின் பனிப்படிகங்களால் வருவது, ஆரம் 22 பாகை, பார்க்க வேண்டிய திசை சூரியன் இருக்கும் பக்கம். குளோரிக்கோ சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகள் தப்பான ஜன்னலில் போய் உட்காருவார்கள்!

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. ஜூன், ஜூலையில் எங்கள் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் பகலில் போகிறீர்கள் என்று வையுங்கள். விமானம் மேற்கு-தென்மேற்காகப் போகும், நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும், அப்போது இடப்பக்க ஜன்னல்தான் வேண்டும். திரும்பும்போது வலப்பக்கம். ஏ.டி.ஆர். என்னும் சிறிய சுழல்விசிறி விமானமாக இருந்தால் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே மறைப்பு குறைவு. கேமராவில் போலரைசர் (ஒளியை முனைவாக்கும் வடிகட்டி) மாட்டாதீர்கள், ஜன்னல் பிளாஸ்டிக்கிலேயே வண்ணப் பட்டைகள் தெரிந்து குழப்பும். கண்ணாடியின் பிரதிபலிப்பை மறைக்க லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி போதும்.

ஆக, பெயரிலேயே ‘நிழல்’ இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ‘நிழல்வளையம்’ என்றால் நிழலே வளையமாக இருப்பது போல ஆகிவிடும். அதனால் நிழலைச் சூழ்வது, ‘நிழல்சூழி’. (பழந்தமிழில் ‘சூழி’ யானையின் முகபடாம். இருக்கட்டும், யானை கோபித்துக்கொள்ளாது.)

ஐயா ஒருவர் போன மடலில் கேட்டிருந்தார், விமானம் உயரே போகப் போக நிழல் மங்கிக் காணாமலே போய்விடுகிறது, வளையம் மட்டும் மேகத்தில் கூடவே ஓடிவருகிறது, அப்போதும் நிழல்சூழியா என்று. நியாயமான கேள்வி. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டு. அதனால் தூரம் கூடக் கூட அடர்நிழல் ஒடுங்கி, கடைசியில் மிச்சமிருப்பது கண்ணுக்குப் படாத மங்கல்தான். ஆனாலும் வளையத்தின் நடுவிடம் மாறுவதில்லை, அது சூரியனுக்கு நேர் எதிர்த்திசை, நம் கண்ணின் நிழல் விழ வேண்டிய இடம். விமானம் தாழப் பறக்கும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வால் பக்கம் உட்கார்ந்து எடுத்திருந்தால் வளையத்தின் நடு, நிழலின் வால் பக்கமாக இருக்கும். முன்வரிசைக்காரர் எடுத்ததில் மூக்குப் பக்கம் நகர்ந்திருக்கும். அவரவருக்கு அவரவர் வளையம். நிழல் தெரியாவிட்டாலும் சூழப்படுவது அதுதான் என்பதால், பெயர் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

மலையில் பனிமூட்டத்தின் மேல் நம் நிழல் பெரிதாக விழும்போது தலையைச் சுற்றித் தெரிவதும் இதே வளையம்தான். 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதைப் பார்த்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், ஆய்வகத்திலேயே மேகம் உண்டாக்கப் போய், அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறையைச் செய்தார், 1927இல் நோபல் பரிசும் வந்தது. விமானத்தை வைத்துப் பெயர் கட்டினால் அவருக்குப் பொருந்தாது, நிழல் என்றால் இரண்டுக்கும் சரி.

ஒன்று மட்டும் பாக்கி. புணர்ச்சிப்படி ‘நிழற்சூழி’ என்றுதான் வர வேண்டும் என்று இலக்கணக்காரர்கள் சொல்வார்கள், நிழற்படம் என்கிறோமே. இங்கே பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், அவர்களுக்கு ‘நிழல்’ முழுதாகத் தெரியட்டும் என்று பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை அட்டைகள் அச்சுக்குப் போகின்றன, மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள்.