புதனில் இருபது வயது

நான்: எல்லோரும் விழித்திருக்கிறீர்களா? இங்கே ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. மணி ஒன்பதாகிவிட்டது, படு என்றேன் குட்டியிடம். "அம்மா, புதன் கிரகத்தில் எனக்கு இருபது வயது. பெரியவர்களை யாராவது படுக்கச் சொல்வார்களா?" என்கிறாள்.

அக்கா: அடியம்மா! போன வாரம்தானே ஐந்து முடிந்தது? இருபது எங்கிருந்து வந்தது?

நான்: அண்ணன் வாங்கிக் கொடுத்த கிரகங்கள் புத்தகம்தான். புதன் சூரியனை ஒரு முறை சுற்றிவர 88 நாள் என்று வாசித்துக் காட்டினேன். நமக்கு ஒரு வருடம் ஆவதற்குள் அங்கே நான்கு வருடம் ஓடிவிடும் என்றும் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான்: பெருக்கல் இன்னும் தெரியாது. க்ரேயான் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, நான்கு நான்காக ஐந்து வரிசை அடுக்கி, விரல் வைத்து எண்ணினாள். கடைசி வரிசையில் ஒன்று குறைந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த உடைந்த பச்சைத் துண்டை எடுத்து வைத்து, "இதுவும் வருடம்தான், குட்டி வருடம்" என்றாள்.

அம்மா: என் தங்கமே! இன்னும் கொஞ்ச நேரம் விளையாடட்டுமே, விடேன்.

அண்ணன்: கணக்கு சரிதான். சொல்லப்போனால் இன்னும் சில நாளில் அங்கே இருபத்தொன்று ஆகிவிடும். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

நான்: தோள்மேல் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள் அண்ணா.

அப்பா: என் வயதைக் கேள்.

நான்: உங்களைச் சனியில் வைத்திருக்கிறாள் அப்பா. அங்கே ஒரு சுற்றுக்கு நம் கணக்கில் 29 வருடத்துக்கும் மேல். "தாத்தாவுக்கு இரண்டு வயதுதான். அவரை முதலில் தூங்கச் சொல்" என்கிறாள்.

அண்ணன்: அநியாயம்! சனிக்குப் போனால் அவளுக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது.

நான்: அதையும் கேட்டேன். "நான் அங்கே போகவே மாட்டேனே" என்கிறாள். கிரகங்களின் பெயரை எந்தக் குழந்தையும் ஒப்பிக்கும். தனக்குத் தோதான கிரகம் எது, தாத்தாவுக்கு எது என்று பிரித்துவைக்கிறாள் பாருங்கள், அதில்தான் சொக்கிப்போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறேன்.

அண்ணன்: சரி, இதைச் சொல். புதன் தன்னைத்தானே மிக மெதுவாகச் சுற்றும். ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவே 176 நாள். அதில் பாதி இரவு. புதனில் இருப்பவள் ஒரு முறை படுத்தால் 88 நாள் கழித்துத்தான் பொழுது விடியும்.

அக்கா: சபாஷ்! இனி பேச்சே வராது.

நான்: சொல்லிவிட்டேன். சத்தமே இல்லை. பச்சைத் துண்டை உருட்டிக்கொண்டே யோசிக்கிறாள்.

நான்: வந்துவிட்டது பதில். "அப்படியென்றால் பகலும் 88 நாள்தானே? எனக்கு இப்போது பகல்."

அம்மா: அப்படிக் கேள் என் ராசாத்தி!

அக்கா: அண்ணா, எங்கே போனீர்கள்?

அண்ணன்: இரு, யோசிக்கிறேன்.

அப்பா: இரண்டு வயதுக் குழந்தைக்குக் கதை சொல்லாமல் தூக்கம் வருமா? வீடியோவில் அழைக்கிறேன், அவளையே சொல்லச் சொல்.

நான்: அழையுங்கள் அப்பா. புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். வியாழனில் ஆரம்பிக்கப் போகிறாளாம், நடுவில் பேசக் கூடாதாம்.