முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கும் நாய்: ஆறிய புண் திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி (காவேரிப்பட்டணம்):
மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் லேப்ரடார். வயது 5, எடை 28 கிலோ. வலது முன்னங்காலில் பாதத்துக்குச் சற்று மேலே மூன்று மாதமாக நக்குகிறது. முடி கொட்டி, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் தடித்து நீர் கசிகிறது. மற்ற மூன்று கால்களும் சுத்தம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினோம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் 5 நாளில் காய்ந்தது. நிறுத்தியதும் மறுபடி அதே கதை.

பதில் (பாலக்கோடு):
ஒரே கால் என்றால் முதலில் அந்தக் காலுக்குள் காரணத்தைத் தேடுங்க. தோப்பில் ஊசிப்புல் இருக்கிறதா? அதன் விதை விரலிடுக்கில் குத்தி உள்ளே நகரும். வெளியே சின்ன ஓட்டை மட்டும் தெரியும். முடியை வெட்டி, டார்ச் அடித்து விரல் விரலாகப் பாருங்க. ஓட்டை இருந்தால் பிதுக்க வேண்டாம், விதை இன்னும் ஆழம் போகும். மூட்டு வலியாலும் அதே இடத்தை நக்கும், எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். நான்கு கால், காது, வயிறு எல்லாம் அரித்தால் ஒவ்வாமை, உண்ணி, பூஞ்சை என்ற சந்தேகம் கூடும்; ஒரே கால் என்றாலும் அவற்றை அடியோடு தள்ளிவிட முடியாது.

பதில் (ஓசூர்):
5 நாள் மாத்திரைதான் சிக்கல். இந்த வகைப் புண்ணில் மேல்தோல் காய்ந்தாலும் மயிர்க்கால்களுக்கு அடியில் சீழ் தங்கிவிடும். ஆழமான தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் பல வாரம், பெரும்பாலும் 6 வாரமோ அதற்கு மேலோ தேவைப்படும். செஃபலெக்சின் என்றால் கிலோவுக்கு 22 முதல் 30 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை; 28 கிலோவுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 750 மில்லிகிராம். டாக்டரிடம் கேட்டே கொடுங்க. ஏற்கெனவே ஒருமுறை பாதியில் நின்றதால் சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்க. அப்போதுதான் எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரியும்.

கழுவ, 4 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலை 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 12 மில்லி கலந்து, தினம் இருமுறை 5 நிமிடம் நனையவிட்டு ஒற்றி எடுங்க. ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய் கிட்டவே வேண்டாம், நக்கினால் விஷம். மனிதருக்கான ஸ்டீராய்டு களிம்பும் கூடாது: தோல் மெலியும், சீழ் மறைந்து பெருகும். எண்ணெய் நக்கத் தூண்டும்.

கேள்வி கேட்டவர்:
சரிங்க, நக்காமல் இருக்கக் கழுத்தில் கோன் (புனல் மாதிரி காப்பு) போட்டால் சாப்பிடவே மாட்டேங்குது. ராத்திரி கழற்றிவிடலாமா?

பதில் (பாலக்கோடு):
ஆள் பார்க்காத நேரத்தில்தான் அதிகம் நக்கும், ராத்திரி கழற்றவே வேண்டாம். கொஞ்ச நேரம் நக்கினாலே ஆறி வந்த புண் மறுபடி கெட்டுவிடும். கோன் மூக்கைத் தாண்டி இரண்டு விரற்கடை நீளணும், கழுத்தில் இரண்டு விரல் நுழையணும். தட்டை செங்கல் மேல் உயர்த்தி வையுங்க, சாப்பிட்டுவிடும். புண் மூடி முடி முளைக்கும் வரை இருக்கட்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைக்காமல் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்துங்க. சலிப்பில் வந்த நக்கும் பழக்கம், புண் ஆறிய பிறகும் தொடரலாம். அப்போது டாக்டர் ஃப்ளுவாக்சட்டின் (பதற்றத்தையும் விடாத பழக்கத்தையும் குறைக்கும் மருந்து) யோசிப்பார், அது பலன் தரவே சில வாரம் ஆகும்.

பதில் (தேன்கனிக்கோட்டை):
புண் மருந்துக்கு அசையவே இல்லை, அல்லது கட்டியாகத் திரள்கிறது என்றால் திசுப் பரிசோதனைக்குச் சொல்லுங்க. கட்டிகளும் இதே முகத்தோடு வரும்.