சம்பளத்தை ஏற்றினது கில்லார்டா? 2010 நவம்பரை மறந்துட்டீங்களோ?

மாறன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதினது: "அவுஸ்திரேலியச் சமூக சேவைத் துறைப் பெண்களுக்கு 45 வீதம் சம்பளம் கூட்டிக் குடுத்தவர் அப்ப பிரதமரா இருந்த ஜூலியா கில்லார்ட். ஃபெயார் வேர்க் அவுஸ்திரேலியா எண்ட மத்திய சம்பள ஆணையம் முத்திரை குத்தினது, அவ்வளவுதான்." வாசிக்கவே பத்திக்கொண்டு வருது. 2010 மார்ச்சில சம ஊதியம் கேட்டு அந்த ஆணையத்தில வழக்குப் போட்டது ஏ.எஸ்.யூ. எண்ட சேவைத் தொழிலாளர் யூனியன். அதே வருசம் நவம்பரில கில்லார்ட் அரசு எழுத்தில குடுத்த வாதம் என்ன? சம்பளத்துக்குக் கூடுதல் காசு குடுத்தால் மற்றச் சேவைகளில கைவைக்க வேண்டி வரும் எண்டது. இதுக்குப் பேர் ஆதரவோ?

செல்வி:
அண்ணை, பாதிக் கதையோட நிப்பாட்டாதேங்கோ. 2011 மே மாதம் ஆணையம் சம ஊதியம் இல்லை எண்டு ஒத்துக்கொண்டது. நவம்பரில கில்லார்ட் 200 கோடி டொலருக்கு மேல் அறிவிச்சு, யூனியனோட சேர்ந்து முன்மொழிவும் வைச்சார். காசு இல்லாட்டி தீர்ப்பு வெறும் கடதாசி.

மாறன்:
நான் கேட்டது 2010 நவம்பர். நீங்கள் சொல்லுறது 2011 நவம்பர். ஒரு வருசம் எங்க போச்சு?

கணக்கர்:
இரண்டு பேரும் 45 வீதத்தை விட்டிட்டீங்கள். அது வேலைத் தரங்களில மேலான நிலை 8க்கு மட்டும். நிலை 2க்கு 23, நிலை 4க்கு 32. நிலை 1க்கு ஒண்டுமில்லை. நிலை 4இல அவார்ட் (துறைக்கான குறைந்தபட்சச் சம்பள விதி) வாரச் சம்பளம் 1000 டொலர் எண்டால் கடைசியில 1320. அதுவும் ஒரேயடியா இல்லை, 2012 டிசம்பர் 1 தொடங்கி 2020 டிசம்பர் 1 வரை ஒன்பது தவணை. அரசும் யூனியனும் கேட்டது ஆறு வருசம், ஆணையம் எட்டாக்கினது. முத்திரை குத்துற ஆள் இப்பிடித் திருத்துமோ?

மாறன்:
அப்பிடிப் போடுங்கோ. இப்ப 2010 நவம்பருக்குப் பதில்?

பிரிஸ்பேன் வாசன்:
ஏன் இந்தச் சண்டை? குயின்ஸ்லாந்து மாநில ஆணையம் 2009 மேயிலேயே இந்தத் துறைக்குச் சம்பள உயர்வு குடுத்திட்டுது. வழி காட்டினது எங்கட மாநிலம். மெல்பேண்காரர் பிறகு வந்து பெயர் எடுக்கினம்.

செல்வி:
வந்திட்டார் மாநிலப் பெருமையோட.

கணக்கர்:
மாநிலம் எண்டபடியால் சொல்லுறன். 200 கோடி எல்லாருக்கும் இல்லை. 2012 சட்டத்தில ஒரு விசேட கணக்கு. அதில பட்டியலிட்ட திட்டங்களுக்குத்தான் கூடுதல் தொகை. மாநிலம் நிதி தாற வேலைக்கு அந்தந்த மாநிலத்திட்டத்தான் கேக்கவேணும். காசு வந்தாலும் வராட்டியும் முதலாளி ஆணையத்தின்ர 2012 கட்டளைப்படி குடுத்தே ஆகவேணும். சின்ன நிறுவனங்கள் மணித்தியாலத்தை வெட்டினதுக்கு இதுதான் காரணம். ஏற்கனவே அவார்டுக்கு மேல குடுத்தவை அதைக் கழிச்சுக்கொள்ளலாம். "எனக்கு ஏன் ஏறேல்லை" எண்டு கேக்கிற பலரின்ர சிக்கல் அது.

செல்வி:
வீட்டுப் பராமரிப்புப் பெண்களையும் சேருங்கோ.

கணக்கர்:
அவை சேராயினம். கட்டளை அந்த அவார்டின் பி, சி அட்டவணைகளுக்குத்தான். வீட்டுப் பராமரிப்பு ஈ அட்டவணை. ஒரே நிறுவனம், ஒரே மேலாளர், இரண்டு சம்பளம். கில்லார்டைப் புகழ வெளிக்கிட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

செல்வி:
அட்டவணை பிரிச்சது ஆணையமும் யூனியனின் மனுவும். அதுக்கும் கில்லார்டோ பழி? மாறன் அண்ணை, உங்கட கட்சி ஆட்சியில எத்தினை டொலர் வந்தது எண்டு முதல் சொல்லுங்கோ.

மாறன்:
தங்கச்சி, எனக்குக் கட்சி இல்லை, தேதி இருக்கு. 2009 அக்டோபரில மத்திய அரசு இதே யூனியனோட உடன்பாட்டுக் கையெழுத்து, 2010 நவம்பரில காசில்லைப் பாட்டு.

செல்வி:
காசில்லை எண்டு சொல்லேல்லை. காசு எங்கயிருந்து வரும் எண்டது. வடிவா வாசியுங்கோ.

பிரிஸ்பேன் வாசன்:
2009 மே.

மாறன்:
வாசனை ஆராவது கூட்டிக்கொண்டு போங்கோ. செல்வி, அந்த வாதத்தில எந்தப் பந்தியில ஆதரவு இருக்கு, எண்ணைச் சொல்லுங்கோ.

செல்வி:
நாளைக்குப் போடுறன். அதுக்குள்ள நீங்கள் 2011 மே தீர்ப்பையாவது முழுசா வாசிச்சு முடியுங்கோ.