ரெட்ரோ மீட்டிங்ல யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றதுங்க?

அஞ்சுரோட்டு டெவ்:
சேலத்துல சின்ன கம்பெனிங்க, டீம்ல 7 பேரு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஸ்பிரிண்ட் (ஒரு தவணை வேலை) முடிஞ்சதும், எது நல்லா போச்சு, எது சொதப்புச்சுன்னு பேசற ரெட்ரோவ நான்தான் நடத்தறேன். "எதாச்சும் சொல்லுங்கப்பா"ன்னா எல்லாரும் லேப்டாப்பயே பாக்கறாங்க, டீம் லீடு மட்டும் அரைமணி நேரம் பேசுவாரு, போன தடவ புதுசா சேந்த பொண்ணு டெப்ளாய்மென்ட் (முடிச்ச வேலைய லைவ்ல ஏத்தறது) லேட்டானத சொல்ல வந்துச்சு, "அது யாரு பண்ணது?"ன்னு அவரு கேட்டதும் பாதியிலயே நிறுத்திருச்சு, எனக்கு மனசே கேக்கல. வெளிய தட்டுவடை செட் திங்கறப்ப மட்டும் எல்லாரும் எல்லாத்தையும் கொட்டறாங்க.

கன்னங்குறிச்சிக்காரன்:
லீட கடைசியா பேசச் சொல்லுங்க தம்பி, பாதி சரியாயிரும். மொத 7 நிமிஷம் சத்தமே இல்லாம ஆளுக்கு 3 சீட்டு எழுதட்டும், அப்புறம் ஒரே மாதிரி இருக்கறத ஒண்ணா ஒட்டி எத பேசலாம்னு ஓட்டு போடுங்க. "யாரு"ங்கற கேள்வியே வேண்டாம், "எந்த இடத்துல மாட்டுச்சு"ன்னு கேளுங்க. ரெட்ரோ பத்தி புக்கு எழுதுன நார்மன் கெர்த் இதத்தான் சொல்றாரு, அன்னிக்கு தெரிஞ்சத வெச்சு, கையில இருந்த வசதிய வெச்சு அவங்கவங்க முடிஞ்ச வரைக்கும் நல்லாத்தான் செஞ்சாங்கன்னு நம்பி ஆரம்பிக்கணும்.

அடிவாரம்:
சீட்டு சரிதான், ஆனா 7 பேருல கையெழுத்து தெரிஞ்சிரும், ஆன்லைன் ஃபார்ம்ல டைப் பண்ண விடுங்க. எங்க டீம்ல பேச்சுக்குப் பஞ்சமே இல்ல, ஏற்காடு போய் லேடீஸ் சீட்ல உக்காந்துகூட பேசுனோம், 11 பாயின்ட் எழுதுனோம், அடுத்த ரெட்ரோலயும் அதே 11. "டெஸ்ட் சர்வர் விழுது"ன்னு மட்டும் அஞ்சு தடவ எழுதிருக்கோம். அப்புறந்தான் ஒண்ணே ஒண்ண எடுத்து, ஒருத்தர் பேரப் போட்டு, அடுத்த ஸ்பிரிண்ட்ல டிக்கெட்டாவே (வேலைப் பட்டியல்ல ஒரு வேலையா) வெச்சோம். பாத்தா சர்வர் நடக்கறதெல்லாம் எழுதி வெக்கற லாக் ஃபைல் நெறஞ்சு டிஸ்க்ல இடமே இல்ல, பழச அழிக்க ஒரு ஸ்கிரிப்ட், அரை நாள் வேலைங்க. அதுக்கப்புறந்தான் சொன்னா நடக்கும்னு எல்லாருக்கும் நம்பிக்கை வந்துச்சு. இப்ப போன தடவ எடுத்தது முடிஞ்சுதான்னு பாத்துட்டுத்தான் ரெட்ரோவே ஆரம்பிக்கறோம்.

நேரத்தையும் இழுக்காதீங்க, இந்த ஸ்பிரிண்ட் முறைக்கு விதி சொல்ற ஸ்க்ரம் கைடுல ஒரு மாச ஸ்பிரிண்டுக்கே அதிகபட்சம் 3 மணி நேரந்தான், உங்களுக்கு ஒரு மணி நேரம் தாராளம். இன்னொண்ணு, அங்க பேசுனது அப்ரைசல்ல வந்துச்சுன்னா அன்னியோட முடிஞ்சுது, அப்புறம் எவனும் பேச மாட்டான்.

அஞ்சுரோட்டு டெவ்:
ரொம்ப நன்றிங்ணா. லீடுகிட்ட தனியா பேசினேன், கடைசியா பேசறேன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த டெப்ளாய்மென்ட் விஷயத்தையே இந்த தடவ எடுத்துக்கட்டுமா?

அடிவாரம்:
நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஓட்டுல வரட்டும். வரலைன்னா அந்தப் பொண்ணுகிட்ட தனியா உக்காந்து முழுசாக் கேளுங்க.