ஊட்டில கடல்நீர் தொட்டி: 34 நாள் ஆச்சு, அமோனியா இறங்கவே மாட்டேங்குது, உதவி வேணும்

தலைகுந்தாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஊட்டி பக்கத்துல தலைகுந்தால இருக்கேன், அப்பாவுக்கு சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கத்துல ஒரு கடற்கரை கிராமம், ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமா எங்ககூடதான் இருக்காரு, கடலைப் பாக்காம இருக்க முடியலன்னு அடிக்கடி சொல்லுவாரு, அதனாலதான் வீட்லயே ஒரு ரீஃப் தொட்டி, அதாவது கடல் மீனும் பவளமும் வளக்கற கடல்நீர் தொட்டி, வைக்கலாம்னு ஆரம்பிச்சேன். தொட்டி மூணடிக்கு ஒன்றரை ஒன்றரை, கல்லு மணல் போக தண்ணி ஒரு 160 லிட்டர் வரும். காய்ஞ்ச பாறை 15 கிலோ, அரகோனைட் மணல் (சுண்ணாம்பு மணல்), அழுக்கை நுரையா எடுக்கற ஒரு ஸ்கிம்மர், தண்ணியைச் சுத்த விடற ஒரு வேவ்மேக்கர், 100 வாட் ஹீட்டர். தண்ணி வீட்டுக்கு வர்ற ஊத்துத் தண்ணிதான், டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்புகளோட அளவு) 60 தான் காட்டுது, நல்ல தண்ணின்னு நெனச்சேன்.

பாக்டீரியாவுக்குத் தீனியா அமோனியா வேணுமே, அதுக்கு நாட்டு மருந்துக் கடைல நவச்சாரம் (அமோனியம் குளோரைடு) வாங்கி ஒரு டீஸ்பூன் போட்டேன். பாக்டீரியா பாட்டில் ஒண்ணு ஊத்தினேன். வாங்கின கடைல 21 நாள்ல சைக்கிள், அதாவது அமோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா தொட்டில வளர்றது, முடிஞ்சிரும்னு சொன்னாங்க. இன்னிக்கு 34வது நாள், அமோனியா டெஸ்ட்ல கடைசி கலர், அதாவது 8 பிபிஎம் (பத்து லட்சத்துல 8 பங்கு), அப்படியே நிக்குது. நைட்ரைட் பூஜ்யம். பிஎச் 8.0, உப்பை அளக்கற ஹைட்ரோமீட்டர்ல 1.026. டெம்பரேச்சர் கண்ணாடில ஒட்டின ஸ்டிக்கர்ல 24 காட்டுது. அப்பா தினமும் காலைல காலித் தொட்டி முன்னாடி சேர் போட்டு உக்காந்துடறாரு, எனக்கு அதைப் பாக்க மனசு கேக்கல. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

கோவை ரீஃப்:
தம்பி இன்னொரு பாட்டில் பாக்டீரியா ஊத்துங்க, பாதி நேரம் பாட்டில்ல இருக்கறது கூரியர்லயே வீணாப் போயிருக்கும்.

மண்டபம் மாப்ள:
காய்ஞ்ச கல்லுல எல்லாம் வேலைக்காவாது. ராமேஸ்வரம் சைடுல யாராவது தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி கடல்லருந்து பாறை ரெண்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ஒரே வாரத்துல சைக்கிள் முடியும்.

முத்துநகர்:
மேல சொன்னதை மட்டும் செஞ்சிராதீங்க தம்பி. பவளம் எல்லாம் 2001லருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்புதான், செத்த பவளக் கல்லா இருந்தாலும் எடுக்கக் கூடாது. நான் தூத்துக்குடிக்காரி, அதனால இதை நேராவே சொல்றேன். மன்னார் வளைகுடால 21 தீவு இருந்துச்சு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்னிக்கு தண்ணிக்கு அடில கெடக்கு. சுண்ணாம்புக்காக சுத்தி இருந்த பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்க ஒண்ணுமில்லாம போச்சு, மணல் அரிச்சு தீவே போயிருச்சு. ரெண்டு கல்லுதானேன்னு ஆரம்பிச்சது தான் அது. உங்க அப்பா கடற்கரைல வளந்தவரு, அவர்கிட்டயே கேளுங்க, அவரே வேணாம்னு சொல்லுவாரு. காய்ஞ்ச கல்லுலயும் சைக்கிள் ஆகும், கொஞ்சம் நாள் கூட எடுக்கும், அவ்ளோதான்.

கொடை தொட்டி:
வணக்கம் தம்பி, நான் கொடைக்கானல்ல அஞ்சு வருஷமா கடல்நீர் தொட்டி வச்சிருக்கேன், முதல் குளிர்காலத்துல இதே இடத்துல மாட்டிக்கிட்டு முழிச்சவன். பாக்டீரியா பாட்டில் இப்ப வாங்காதீங்க, காசு வீண். ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பவே வேணாம், அது பாதி ரூம் சூட்டையும் பாதி தண்ணியையும் சேத்து காட்டும், ஹீட்டருக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தா சுத்தம். மூணு விஷயம் கேக்குறேன். தண்ணிக்குள்ள போடற தெர்மாமீட்டரை ஹீட்டர் இருக்கற மூலைக்கு எதிர்மூலைல விட்டு காலைல அஞ்சு மணிக்கு பாத்து சொல்லுங்க. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு வீட்ல எவ்ளோ வோல்டேஜ் வருதுன்னு பாருங்க. உப்பு கலக்கும்போது தண்ணியை எதுல சூடு பண்ணீங்க?

தலைகுந்தாக்காரன்:
அண்ணா, நீங்க சொன்ன மாதிரி அலாரம் வச்சு எந்திரிச்சு பாத்தேன், வெளிய புல்லு மேல எல்லாம் உறைபனி, வீட்டுக்குள்ள 9 டிகிரி, தொட்டித் தண்ணி 15.5! ஹீட்டர் லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. வோல்டேஜ் நேத்து ராத்திரி 178, 180 அப்படி வந்துச்சு. உப்பு கரையலன்னு ரெண்டு தடவை 20, 20 லிட்டர் பாய்லர்ல சுட வச்சு எடுத்தேன், எங்க வீட்ல பழைய செம்பு பாய்லர்.

கொடை தொட்டி:
அப்ப கதை அங்கதான் இருக்கு. பொறுமையாப் படிங்க.

முதல்ல சூடு. அமோனியாவை நைட்ரைட் ஆக்கற பாக்டீரியா 25லருந்து 30 டிகிரில நல்லா வேலை செய்யும், 18க்கு வந்தா வேகம் சுமாரா பாதி, அதுக்குக் கீழ போகப் போக இன்னும் மந்தம். செத்துப் போகல தம்பி, குளிர்ல ஒடுங்கிப் போய் கெடக்கு. 160 லிட்டர் தண்ணியை ஒரே ஒரு டிகிரி ஏத்தறதுக்கு 100 வாட் ஹீட்டருக்கு, சூடு வெளிய போகவே இல்லன்னு வச்சுக்கிட்டாலும், ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும். அதுலயும் உங்க வோல்டேஜ் 180. ஹீட்டர் பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்குத் தக்கபடி குறையும், 230க்கு செஞ்ச 100 வாட் ஹீட்டர் 180ல 61 வாட் தான் குடுக்கும். லைட் எரியும், நாமளும் வேலை நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருப்போம். கீழ சென்னைல இருக்கறவங்களுக்கு தொட்டியைக் குளிர வைக்கறதுதான் பாடு, அவங்க சொல்ற கணக்கு நம்ம மலைக்கு ஒத்து வராது.

உங்களுக்கு 200 வாட் ஹீட்டர் ரெண்டு வேணும், ஒரே 400 வேணாம், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும், ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகாம போனாலும் தொட்டியை வேக வைக்காது. சூட்டைப் பாத்து ஹீட்டரை ஆன் ஆஃப் பண்ண தனியா ஒரு கண்ட்ரோலர், முடிஞ்சா ஒரு ஸ்டெபிலைசர். பின்னாடியும் ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் தெர்மோகோல் ஒட்டுங்க, அடிலயும் குடுத்திருக்கணும், இனி முடியாது. மேல முழுசா மூடாதீங்க. ஊட்டி 2240 மீட்டர், காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான். 25 டிகிரி கடல்தண்ணில கீழ லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா உங்க ஊர்ல அஞ்சு சொச்சம்தான். அதனால வேவ்மேக்கரை மேல் நோக்கித் திருப்பி தண்ணி மேற்பரப்பு கலங்கற மாதிரி வைங்க. கரண்ட் போனா ஹீட்டரை இன்வெர்ட்டர்ல போடாதீங்க, பேட்டரி சீக்கிரம் காலியாயிடும், முதல்ல பம்ப்பு, அதுவும் இல்லன்னா பேட்டரில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு கண்டிப்பா.

அடுத்தது நவச்சாரம். உங்க தொட்டிக்கு 1 கிராம் போட்டாலே 2 பிபிஎம் வந்துரும், ஒரு டீஸ்பூன்னா நாலஞ்சு கிராம், அதான் கடைசிக் கலர்ல நிக்குது. அவ்ளோ அமோனியா இருந்தா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கற அடுத்த கட்டத்து பாக்டீரியாவே வளரத் திணறும். கடை நவச்சாரம் ஈயம் பூசறவங்களுக்கு வர்றது, அதுல வேற என்ன கலந்திருக்குமோ, இனிமே லேப் கிரேடு அமோனியம் குளோரைடு வாங்குங்க, விலை ஒண்ணும் பெருசு இல்ல.

உப்பும் கம்மியா இருக்கும். மிதக்கற ஹைட்ரோமீட்டர் 25 டிகிரிக்கு செஞ்சது, 15 டிகிரி தண்ணி அடர்த்தி ஜாஸ்தி, அதனால 1.026னு காட்டினது நிஜத்துல 1.0235 பக்கம், அதாவது 31, 32 பிபிடி (ஆயிரத்துல அத்தனை பங்கு உப்பு) தான். தண்ணி சூடானதும் திரும்ப அளங்க, 35க்குக் கொண்டு வாங்க.

எனக்கு பெரிய கவலை அந்த செம்பு பாய்லர்தான். மீனுக்குப் பரவால்ல, இறால், நத்தை, பவளம் இதெல்லாம் துளி செம்பைக் கூட தாங்காது, அது கல்லுலயும் மணல்லயும் ஒட்டிக்கிட்டு அப்புறமா கசியும். பாதித் தண்ணியை மாத்துங்க, அமோனியாவும் 4க்கு வரும், செம்பும் பாதியாகும். ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்க, செம்புக்கு ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்க. ஊத்துத் தண்ணியும் வேணாம், உங்க பக்கம் மேல முழுக்க கேரட்டும் உருளைக்கிழங்கும்தானே, உரம் இறங்கின தண்ணில டிடிஎஸ் 60 காட்டினாலும் அதுல நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கலாம், மீட்டருக்கு எது என்னன்னு தெரியாது. ஆர்ஓ தண்ணியை, மிச்ச உப்பையும் எடுக்கற டிஐ ரெசின் வழியா விட்டு டிடிஎஸ் 0 வந்தப்புறம் உப்பு கலக்குங்க, பிளாஸ்டிக் டிரம்முல ஹீட்டரையும் பம்பையும் போட்டு.

கோவை ரீஃப்:
நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன், வோல்டேஜ் கணக்கு எனக்கே புதுசு. தம்பி இவர் சொல்றபடி செய்ங்க.

தலைகுந்தாக்காரன்:
ஆறு நாள் கழிச்சு வரேன். ரெண்டு ஹீட்டர், கண்ட்ரோலர் போட்டாச்சு, தெர்மோகோல் அப்பாவே அளந்து வெட்டிக் குடுத்தாரு. அதிகாலைல 24.8! 80 லிட்டர் மாத்தினேன். செம்பு டெஸ்ட்ல கலரே மாறல, கார்பன் இருந்தாலும் எடுக்கல. உப்பு நீங்க சொன்ன மாதிரியே 32 தான் இருந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா 35 ஆக்கிட்டேன். அமோனியா 4. கல்லை பத்தி அப்பாகிட்ட சொன்னேன், முத்துநகர் அக்கா, அவங்க ஊர்லயும் சின்ன வயசுல பவளக் கல்லு சுட்டு சுண்ணாம்பு எடுப்பாங்களாம், அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

முத்துநகர்:
அப்பாவை நல்லாப் பாத்துக்கோங்க தம்பி. மீன் வாங்கும்போது குஞ்சு பொரிச்சு வளத்த கோமாளி மீனா கேட்டு வாங்குங்க, கடல்ல பிடிச்சது வேணாம். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயே அதைப் பொரிக்க வச்சு வளத்திருக்காங்க, கடல்லருந்து பிடிக்கணும்னு அவசியமே இல்ல. வளத்தது தொட்டித் தீனியும் உடனே எடுக்கும்.

தலைகுந்தாக்காரன்:
ஹீட்டர் மாத்தி 19வது நாள் அப்டேட். அமோனியா 0.25, நைட்ரைட் 5க்கு மேல, நைட்ரேட் 100க்கு மேல காட்டுது, இது பயப்படணுமா? கல்லு மேலயும் மணல் மேலயும் காப்பித்தூள் கலர்ல ஒரு படலம் வேற. தண்ணி மாத்தவா?

கொடை தொட்டி:
மாத்தாதீங்க, நல்லாப் போயிட்டிருக்கு. நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் அதையும் சேத்து எண்ணிக் காட்டும், அந்த 100ஐ நம்ப வேணாம். கடல்தண்ணில குளோரைடு நெறைய இருக்கறதால நன்னீர்ல மாதிரி நைட்ரைட் அவ்ளோ விஷமும் இல்ல. காப்பிக் கலர்ல இருக்கறது டயாட்டம்ங்கற நுண்பாசி, புதுத் தொட்டில சிலிக்கேட் இருக்கற வரைக்கும் வரும், தானா போகும். லைட்டை இப்ப போடாதீங்க. நைட்ரைட் இறங்கினதும் அரை கிராம் அமோனியம் குளோரைடு போட்டுப் பாருங்க, 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் பூஜ்யம் ஆச்சுன்னா அன்னிக்கு பெருசா ஒரு தண்ணி மாத்து, நைட்ரேட் 20க்குக் கீழ வரட்டும், அப்புறம் ஒரே ஒரு ஜோடி மீன்.

தலைகுந்தாக்காரன்:
அண்ணா, ஹீட்டர் மாத்தி 31வது நாள். அரை கிராம் போட்டது நேத்து காலைல, இன்னிக்கு காலைல ரெண்டும் பூஜ்யம். மூணு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை 100 லிட்டர் மாத்தறேன், தண்ணி டிரம்முல கலந்து ஓடிட்டிருக்கு. அப்பா டிரம்முகிட்ட வந்து விரலை விட்டு நக்கிப் பாத்துட்டு, சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு.