அப்பாவின் 140 கேசட்டுகள்: நினைவு மலரில் எதை எழுதுவது?

பொன்மலை மகள்:
அனைவருக்கும் வணக்கம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகச் சிறு மலர் ஒன்று அச்சிட எண்ணியுள்ளோம். அண்ணன் எழுதிய வரைவில் ‘சிறந்த இசை ரசிகர், பாசமிகு குடும்பத் தலைவர்’ என்று இருக்கிறது. இரண்டும் உண்மைதான் என்றாலும், பெயரை மாற்றினால் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் அது பொருந்திவிடும். அப்பாவுக்குப் பாட வராது. ஆனால் தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்பதற்காக, விடியுமுன்பே திருவையாற்றுக்குப் பேருந்து ஏறிவிடுவார். வேலையில்லாத இரவுகளில் வானொலிப் பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக் கச்சேரிகளைப் பதிவு செய்வார். 1980களில் அவ்வாறு பதிவான 140 கேசட்டுகள், அட்டையில் அவர் கையெழுத்துடன், இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவை இன்னும் ஓடுமா? அவற்றைக் கொண்டு அவரைப் பற்றி எப்படி எழுதுவது?

நாடாப் பித்தன்:
முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போட வேண்டாம், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றிவிடும். சுத்தமாக இருப்பவற்றை முன்னும் பின்னுமாக ஒரு முறை முழுவதும் ஓட்டித் தளர்த்திய பிறகே கேளுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுப் பட்டை பல கேசட்டுகளில் உதிர்ந்துபோயிருக்கும். அப்போது சுருளை மட்டும் எடுத்து, திருகாணி வைத்த வேறு கூட்டுக்கு மாற்றலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் கணினிக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். வானொலியின் முன்னால் வைத்துப் பதிந்தவை என்றால், கச்சேரியோடு உங்கள் வீடும் அதில் பதிவாகியிருக்கும்.

கடைசி வரிசை ரசிகர்:
இன்னொன்றையும் கவனியுங்கள், அம்மா. கேசட்டின் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. வெற்றுக் கேசட் வாங்குவது சம்பளக்காரருக்குச் செலவாக இருந்த காலத்தில், எதை அழித்து எதன்மேல் பதிவது என்று ரசிகர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது (நான் அழித்த ஒரு கரகரப்பிரியா ராகப் பதிவுக்காக இன்றும் வருந்துகிறேன்). தகடு உடைத்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவர் எதை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பது அவற்றில் தெரியும்.

மாயவரத்தான்:
மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் தாயாரைக் கேட்டீர்களா? எங்கள் தந்தைக்கு நாங்கள் மலர் போட்டபோது, நாகஸ்வரம் கேட்க அவர் ஊர் ஊராகப் போனதைப் பெருமையாக எழுதியிருந்தோம். அம்மா படித்துவிட்டு, ‘அத்தனை ராத்திரியும் உங்களை யார் தூங்க வைத்தார்கள்?’ என்று மட்டும் கேட்டார்.

பொன்மலை மகள்:
அனைவருக்கும் நன்றி. தகடு உடைத்தவை பதினொன்று. அவற்றுள் பத்து முழுக் கச்சேரிகள். பதினோராவது கேசட்டின் அட்டையில் ‘தோடி, பாதி. பாப்பா சுரம்’ என்று எழுதியிருக்கிறது. அப்பா ஏதோ கற்பனைச் சுரத்தைத்தான் குறித்திருக்கிறார் என்று அண்ணனும் நானும் வாதாடிக்கொண்டிருந்தோம். நேற்று அம்மாவிடம் காட்டினேன். அது காய்ச்சலாம், பாப்பா நானாம். தோடி ராக ஆலாபனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை அழுகிறது. ‘நிறுத்திடறேன், நீ சால்வையை எடு’ என்கிறது அப்பாவின் குரல். அதன்பிறகு நாடா முடியும்வரை வெறும் இரைச்சல். மிச்சப் பக்கம் முழுவதும் காலியாக இருந்தும் அவர் அதன்மேல் எதையும் பதியவில்லை. மலரின் முதல் பக்கத்தில் அந்த அட்டையைப் படமெடுத்துப் போடலாம் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டுவிட்டார்.